பேனல் 670 வாட், பேட்டரிக்குப் போவது 230 வாட்: மீதி எங்கே?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீடு. கரண்ட் லைன் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் 335 வாட் பேனல் இரண்டு, 12/24 வோல்ட் 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், 12 வோல்ட் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி ஒன்று, 850 விஏ இன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டோம். இரண்டு சீலிங் ஃபேன், நாலு எல்இடி பல்பு, 32 இஞ்ச் டிவி, போன் சார்ஜ், இவ்வளவுதான் ஓடுகிறது. இரவு பன்னிரண்டு ஆனால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. பேட்டரியில் குறை தெரியவில்லை. ஒன்றரை வருடமாகத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. கடையில் இன்னொரு பேட்டரியைக் கூடச் சேர்க்கச் சொல்கிறார்கள். வயரிங் செய்தவர் மூன்றாவது பேனல் போடலாம் என்கிறார். மகன் லித்தியம் வாங்கச் சொல்கிறான். எதை வாங்குவது? பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

ஸ்டிக்கர் படம் அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. விஓசி (எதிலும் மாட்டாதபோது உள்ள வோல்ட்) 46 வோல்ட், விஎம்பி (முழு வாட் தரும்போது உள்ள வோல்ட்) 38 வோல்ட், ஐஎஸ்சி (ஷார்ட் செய்தால் ஓடும் கரண்ட்) 9.4 ஆம்பியர், ஐஎம்பி (முழு வாட் தரும்போது ஓடும் கரண்ட்) 8.8 ஆம்பியர். இது 72 செல் பேனல். கடைக்காரர்கள் "24 வோல்ட் பேனல்" என்று சொல்வது இதைத்தான். இதை 12 வோல்ட் பேட்டரிக்கு, பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வழியாக மாட்டியிருக்கிறார்கள். மூன்று பொருளும் தனித்தனியாக நல்ல பொருள்தான். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இப்போதைக்குப் பேட்டரியும் வாங்க வேண்டாம், பேனலும் வாங்க வேண்டாம்.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் அடிப்படையில் ஒரு சுவிட்ச். பேனலைப் பேட்டரியோடு நேராக இணைக்கும். பேட்டரி நிறைந்து வரும்போது விட்டுவிட்டு இணைக்கும். வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும் வேலை அதற்குத் தெரியாது. இணைத்த கணத்தில் பேட்டரி தன் 13 வோல்ட்டுக்குப் பேனலையும் கீழே இழுத்துவிடும். ஆம்பியர் மட்டும் பேனல் தரக்கூடிய அளவிலேயே நிற்கும், நல்ல வெயிலில் ஒரு பேனலுக்கு ஒன்பதை ஒட்டி. இரண்டும் பேரலலில் சேர்ந்தால் பதினேழு, பதினெட்டு ஆம்பியர். அதை 13 வோல்ட்டால் பெருக்குங்கள்: சுமார் 230 வாட். 670 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். மேட்டுத் தொட்டியில் 38 அடி உயரத்தில் இருக்கும் தண்ணீரை 13 அடியில் இறக்கிவிட்டு அங்கிருந்து பாய்ச்சுவது போல. தண்ணீர் குறையவில்லை, அதன் வேகம் போய்விட்டது.

இனி வரவு செலவைப் பார்ப்போம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைக்கலாம். 230 வாட்டை ஐந்தால் பெருக்கினால் 1.15 யூனிட் பேட்டரிக்குள் போகிறது. ட்யூபுலரில் போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகவும் வாயுவாகவும் போய்விடும். மிச்சத்தில் இன்வெர்ட்டர் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் உங்கள் சுவிட்ச் போர்டுக்கு வருவது முக்கால் யூனிட்டை விடக் கொஞ்சம் கூட.

செலவு என்ன? பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஓடினால் 1.35 யூனிட். நாலு பல்பு ஐந்து மணி நேரம் 0.18, டிவி மூன்று மணி நேரம் 0.15, போன்களுக்கு 0.03. மொத்தம் 1.7 யூனிட். வருவது முக்கால், வேண்டியது ஒன்றே முக்கால். மாலையில் பல்பும் டிவியும் 0.3 யூனிட்டை எடுத்தபின் மிஞ்சுவதில் இரண்டு ஃபேன் மூன்று மணி நேரம் ஓடும். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. இன்வெர்ட்டர் சரியான கணக்கோடுதான் அணைகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே கடையில் சொன்ன யோசனை ஏன் உதவாது என்று தெரியும். வாய்க்காலில் வரும் தண்ணீர் அதேதான். வயலை மட்டும் இரட்டிப்பாக்கினால் இரண்டு வயலும் காயும். போதாததற்கு, மூன்று வருடப் பேட்டரியோடு புதியதைப் பேரலலில் சேர்த்தால், பழையது சார்ஜை வாங்கிச் சூடாக்கி வீணடிக்கும். சும்மா இருக்கும் நேரத்திலும் புதியதிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். புதியதும் சீக்கிரம் பழையதாகிவிடும். ஒரே கம்பெனி, ஒரே ஏஎச் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது, பேட்டரியின் கொள்ளளவு), ஒரே மாதத்தில் தயாரானவை என்றால் மட்டுமே சேர்க்கலாம்.

மூன்றாவது பேனலும் அப்படித்தான். 335 வாட்டுக்கு விலை கொடுப்பீர்கள், இந்தக் கன்ட்ரோலரில் 115 வாட்தான் கூடும். மூன்று பேனலின் ஐஎஸ்சி 28 ஆம்பியர் ஆகிவிடும். 30 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு அது கழுத்தளவு. தவிர, மூன்று பேனலைப் பேரலலில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் வேண்டும். ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டின் கரண்டும் அதற்குள் பாயும். இரண்டு பேனல் வரை அந்தக் கவலை இல்லை.

"ஒன்றரை வருடமாகத் தண்ணீரே ஊற்றவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்படுத்தியது அந்த வரிதான். ட்யூபுலர் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகும் கடைசிக் கட்டத்தில் உள்ளே குமிழி விடும். அப்போதுதான் தண்ணீர் குறையும். தினமும் நிறைகிற பேட்டரி சில மாதத்துக்கு ஒருமுறையாவது டிஸ்டில்டு வாட்டர் கேட்கும். கேட்கவே இல்லையென்றால் அது ஒருநாளும் நிறையவில்லை. இன்வெர்ட்டரோ 10.5 வோல்ட் வரை விட்டுவிட்டுத்தான் அணைகிறது. இவ்வளவு சிறிய லோடில் அது பேட்டரியின் அடிமட்டம். ஆக, உங்கள் பேட்டரி மூன்று வருடமாகக் காலிக்கும் பாதிக்கும் நடுவிலேயே வாழ்ந்திருக்கிறது. அப்படிக் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகப் படியும். படிந்த இடம் மறுபடி வேலை செய்யாது. பேட்டரி எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று பார்த்தபிறகுதான் எந்த வழி என்று முடிவு செய்ய முடியும்.

பார்க்கும் முறை இது. மூன்று நான்கு நாள் நல்ல வெயிலாகப் பார்த்து இரவில் ஃபேன், டிவி போடாமல் விட்டுவிடுங்கள். வீட்டோடு ஊருக்குப் போகும் நாட்கள் என்றால் வசதி. இருக்கிற பிடபிள்யூஎம் கன்ட்ரோலரே அந்த நாட்களில் நிறைத்துவிடும். நிறைந்து இரண்டு மணி நேரம் கழித்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ரப்பர் உறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். குமிழை அழுத்தி முனையைச் செல்லுக்குள் விட்டு, கையை மெதுவாகத் தளர்த்தினால் அமிலம் மேலே ஏறும். உள்ளே இருக்கும் மிதவை சுவரில் ஒட்டாமல் நடுவில் நிற்கும்போது, அமிலம் அதைத் தொடும் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். முனையில் சொட்டும் ஒரு துளி துணியில் பட்டால் மறுவாரம் அந்த இடத்தில் ஓட்டை இருக்கும், கவனம்.

நல்ல ட்யூபுலரில் ஆறு செல்லும் 1240-ஐ ஒட்டி இருக்கும். 1220-க்கு மேல் எல்லாம் வந்து, செல்லுக்குச் செல் வித்தியாசம் இருபதுக்குள் இருந்தால் மகிழ்ச்சி. ஐந்து செல் 1230 காட்டி ஒன்று மட்டும் 1150-ல் நின்றால் அந்தச் செல் போய்விட்டது. அந்தப் பேட்டரிமேல் இனிப் பணம் போட வேண்டாம். ஆறுமே 1190, 1200 என்று ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் ஈக்குவலைஸ் சார்ஜ் (எல்லாச் செல்லையும் சமமாக்க வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றுவது) ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். 15.5 வோல்ட் வரை ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம், கதவு ஜன்னலைத் திறந்து வைத்து. அப்போது வெளிவரும் வாயு ஹைட்ரஜன். பல வீடுகளில் பேட்டரி சாமி அலமாரிக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் விளக்கோ ஊதுவத்தியோ கூடவே கூடாது.

மல்டிமீட்டரில் பார்க்கும்போது ஒரு விஷயம். நிறைந்த பேட்டரி 12.7 காட்ட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது கார் பேட்டரிக்கு. நம் ட்யூபுலரில் அமிலம் கொஞ்சம் இளசு. நிறைந்து ஓய்வில் இருந்தால் 12.5-தான் வரும். அடுத்து இரண்டு ஃபேனை மட்டும் ஐந்து மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி அரை மணி கழித்து அளந்து பாருங்கள். 12.1 இருந்தால் 150 ஏஎச்சில் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது. 11.8-க்குக் கீழே போயிருந்தால் பாதிக்குமேல் போய்விட்டது.

பேட்டரி தேறினாலும் தேறாவிட்டாலும் முதல் செலவு ஃபேனுக்கு. பழைய இரண்டையும் கழற்றி பிஎல்டிசி ஃபேன் மாட்டுங்கள். முழு வேகத்திலேயே முப்பது வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். 1.35 யூனிட் 0.54 ஆகிவிடும். வீட்டின் மொத்தச் செலவு 1.7-லிருந்து 0.9-க்கு இறங்குகிறது. பேனலிலும் பேட்டரியிலும் வேறு எந்த மாற்றமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய வித்தியாசம் தராது. கூடவே இன்னொன்று: இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகியிருந்தாலே பத்துப் பன்னிரண்டு வாட் குடிக்கும். பகலில் தேவையில்லாத நேரம் அதை அணைத்து வையுங்கள். இன்வெர்ட்டர் இழப்பையும் இந்தச் சும்மாச் செலவையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஒரு நாளைக்கு 1.2 யூனிட் எடுப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பேட்டரி தேறிவிட்டால் மாற்ற வேண்டியது கன்ட்ரோலர். எம்பிபிடி வாங்குங்கள். அது பேனலை 38 வோல்ட் பக்கத்திலேயே நிற்க வைத்து, வரும் வாட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும்; வோல்ட் குறைய ஆம்பியர் கூடும். அப்படியும் 670 வாட் வராது. ஸ்டிக்கரில் உள்ள எண் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. நம் மொட்டைமாடியில் செல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று குறைந்து பதினான்கு சதவீதம் அதிலேயே போகும். தூசி, வயர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து நான்கில் மூன்று பங்கு என்று வையுங்கள்: உச்சி வெயிலில் 500 வாட், ஒரு நாளைக்கு 2.5 யூனிட்.

இங்கே ஒரு புதுச் சிக்கல் வரும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. 500 வாட்டை 13.5-ஆல் வகுத்தால் 37 ஆம்பியர். 150 ஏஎச் ட்யூபுலருக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் சார்ஜ் உகந்தது. 20 வரை தாங்கும். 37-ஐத் தினமும் கொடுத்தால் சூடாகி, தண்ணீர் வற்றி, பிளேட் உதிரும். பட்டினி கிடந்த பேட்டரிக்கு ஒரே நாளில் பந்தி வைக்கக் கூடாது. அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் சார்ஜிங் கரண்டுக்கு லிமிட் வைக்க முடியுமா?" முடியுமென்றால் 40 ஆம்பியர் எம்பிபிடி வாங்கி 20-ல் நிறுத்துங்கள். மிச்ச வாட் வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம். உச்சியில்தான் வெட்டுப்படுகிறது. காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்று மூன்றரை வரை நிலையாக 20 ஆம்பியர் வந்தால் அதுவே 120 ஏஎச். இரவில் நீங்கள் எடுப்பது நூறு ஏஎச். மேகம் மூடிய நாளில் இந்த உபரிப் பேனல்தான் கைகொடுக்கும்.

எம்பிபிடி என்ற பெயர் ஒட்டிய பிடபிள்யூஎம்-கள் சந்தையில் நிறைய. உண்மையான எம்பிபிடிக்குள் கனமான சுருள் ஒன்றும் பெரிய அலுமினிய ஹீட்சிங்க்கும் இருக்கும். கையில் எடுத்தாலே எடை தெரியும். ஆனால் கையை நம்ப வேண்டாம், வயரைக் கவ்விக்கொண்டே டிசி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். காலை பதினோரு மணிக்கு, பேட்டரி நிறையாத நிலையில், பேனல் பக்க வயர் ஒன்றில் மாட்டி அளந்து, பிறகு பேட்டரி பக்க வயரில் அளக்கவும். இரண்டும் 17, 17 என்று ஒன்றாக இருந்தால் அது பிடபிள்யூஎம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேனல் பக்கம் 7, பேட்டரி பக்கம் 19 என்று வந்தால் அது மாற்றுகிறது. இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் முன்பே சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.

பேனலைச் சீரிஸில் போடுவதா, பேரலலில் விடுவதா? கன்ட்ரோலரின் பேனல் பக்க உச்ச வோல்ட்டைப் பொறுத்தது. சீரிஸில் விஓசி 92. காலைக் குளிரில் வோல்ட் கூடும், டிகிரிக்கு 0.3 சதவீதம். ஒட்டன்சத்திரத்தில் மார்கழி விடியலில் 94, 95 வரை போகலாம். 100 வோல்ட் கன்ட்ரோலர் தாங்கும். இதே பேனலைக் கொடைக்கானலில் போட்டால் 98-ஐத் தொட்டுவிடும். அங்கே 150 வோல்ட் கன்ட்ரோலர்தான் வாங்க வேண்டும். வோல்ட் எல்லையைத் தாண்டினால் கன்ட்ரோலர் அந்த நிமிடமே போய்விடும், வாரன்ட்டியும் கிடைக்காது. ஆம்பியர் கூடினால் நல்ல கன்ட்ரோலர் தன்னைக் குறைத்துக்கொள்ளும். வோல்ட்டில் அந்த மன்னிப்பு கிடையாது.

சீரிஸுக்கு இன்னொரு லாபம் வயரில். மாடியிலிருந்து 12 மீட்டர் என்றால் போக வர 24 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் பேரலலின் 17 ஆம்பியர் ஓடினால் 1.75 வோல்ட் வழியிலேயே போகும். 38-ல் அது ஐந்து சதவீதம். சீரிஸில் 9 ஆம்பியர்தான் ஓடும், 76-ல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, ஒரு சதவீதச் சொச்சம். ஆனால் பிற்பகலில் தென்னை மட்டை நிழல் ஒரு பேனலில் மட்டும் விழுகிறதென்றால் பேரலலே மேல். வயரை 6 ஸ்கொயர் எம்எம் ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மட்டையின் நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கை அணைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பேட்டரி தேறவில்லையென்றால் கதை வேறு, ஒருவகையில் எளிது. அப்போது கன்ட்ரோலரை மாற்றத் தேவையே இல்லை. 12 வோல்ட் 150 ஏஎச் புதிய பேட்டரி இரண்டு வாங்கி, சீரிஸில் 24 வோல்ட் ஆக்குங்கள். இன்வெர்ட்டரை 24 வோல்ட்டாக மாற்ற வேண்டும். உங்கள் பேனல் 24 வோல்ட் பேட்டரிக்கென்றே அளவானது. வெயிலில் அதன் 38 வோல்ட் 32-க்கு இறங்கும். பேட்டரிக்கு உச்சத்தில் வேண்டியது 28.8. வயரில் போவதைக் கழித்தாலும் போதும். அதே பதினேழரை ஆம்பியர், ஆனால் இப்போது 27 வோல்ட்டில்: 470 வாட். எம்பிபிடி போட்டாலும் 500-தான். அந்த முப்பது வாட்டுக்காகத் தனிச் செலவு வேண்டாம். 17 ஆம்பியர் 150 ஏஎச்சுக்கும் கச்சிதம். இருப்பு 3.6 யூனிட், இரவில் எடுப்பது 1.2, மூன்றில் ஒரு பங்குதான் இறங்குகிறது, பேட்டரி நீண்ட நாள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மணி நேர வெயில் என்று வைத்தாலும் 1.4 யூனிட் வரும். கொஞ்சம் இறுக்கம், ஒரு ஃபேனை வேகம் குறைத்தால் தாண்டிவிடலாம். பேனலை மட்டும் பேரலலிலேயே வைத்திருங்கள். இந்த வகைக் கன்ட்ரோலர்களில் பேனல் பக்க எல்லை பெரும்பாலும் 50 வோல்ட். உங்கள் 46 அதற்குள் அடங்கும், சீரிஸின் 92 அடங்காது.

இதைப் படித்துவிட்டு வேறு பேனல் வைத்திருப்பவர்கள் அப்படியே செய்துவிட வேண்டாம். 60 செல் பேனலின் விஎம்பி 31 வோல்ட்; வெயிலில் 26-க்கு இறங்கிவிடும். அது பிடபிள்யூஎம்மில் 24 வோல்ட் பேட்டரியை ஒருநாளும் நிறைக்காது, 12 வோல்ட்டில் பாதியை வீணடிக்கும். அதற்கு எம்பிபிடி தவிர வழியில்லை. 36 செல், 18 வோல்ட் பேனல் 12 வோல்ட் பேட்டரியோடு பிடபிள்யூஎம்மில் அழகாக ஓடும். இப்போது வரும் 540 வாட் ஹாஃப்கட் பேனலின் விஓசி 49-க்கு மேல். 50 வோல்ட் எல்லையுள்ள கன்ட்ரோலரில் காலைக் குளிர் ஒன்று போதும், அதைக் கொல்ல.

மகன் சொன்ன லித்தியம் தவறான யோசனை இல்லை, இன்றைய கன்ட்ரோலரோடுதான் தவறு. 12.8 வோல்ட் 150 ஏஎச் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில் 1.9 யூனிட் இருக்கும், எண்பது சதவீதம் வரை தினமும் எடுக்கலாம், 37 ஆம்பியர் சார்ஜையும் கூசாமல் வாங்கும். எம்பிபிடியோடு சேர்த்தால் பழைய 12 வோல்ட் இன்வெர்ட்டரையே வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் கட்டாயம் இருக்க வேண்டும்: 14.2 முதல் 14.4 வோல்ட், ஈக்குவலைஸ் அணைத்து, வெப்பத் திருத்தம் அணைத்து. ட்யூபுலர் செட்டிங்கிலேயே விட்டால் ஈக்குவலைஸ் நேரத்தில் 15.5-க்கு ஏற்றப் பார்க்கும்; பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் போர்டு பாதுகாப்புக்காகத் துண்டிக்கும்; பேட்டரி இல்லாமல் பேனலோடு மட்டும் நிற்கும் கன்ட்ரோலர் எரியக்கூடும். "லித்தியம் போட்டேன், கன்ட்ரோலர் போயிற்று" என்ற புகார்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். தகரக் கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

ட்யூபுலரென்றால் செட்டிங் இப்படி: அப்சார்ப்ஷன் (நிறைக்கும் கடைசிக் கட்ட வோல்ட்) 14.4, ஃப்ளோட் (நிறைந்தபின் அப்படியே வைத்திருக்கும் வோல்ட்) 13.6, 24 வோல்ட்டில் இரண்டு மடங்கு. வெப்ப சென்சார் வயர் கொடுத்திருந்தால் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். சித்திரை வெயிலில் அறை 40 டிகிரி என்றால் 14.4-ஐ 14-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மளமளவென்று குறையும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம்; அமில ஆவி போர்டைத் தின்றுவிடும். ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

மாட்டும் வரிசையில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைத்து, திரையில் 12 அல்லது 24 என்று சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள், அதன்பிறகே பேனல். கழற்றும்போது பேனலை முதலில், பேட்டரியைக் கடைசியில். பேனலை முதலில் மாட்டினால் "12/24 ஆட்டோ" கன்ட்ரோலர் 46 வோல்ட்டைப் பார்த்து 24 வோல்ட் சிஸ்டம் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு உங்கள் 12 வோல்ட் பேட்டரியை 28 வரை ஏற்றப் போகும்.

கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்குள் 10 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 40 ஆம்பியர் பியூஸ். இன்வெர்ட்டருக்குத் தனி வயர், 100 ஆம்பியர் பியூஸ், நேராகப் பேட்டரியிலிருந்து. கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட லோட் முனையில் இன்வெர்ட்டரை மாட்டவே கூடாது; அது தாங்கும் 20, 30 ஆம்பியரை மிக்ஸி ஓடும் முதல் நொடியே தாண்டிவிடும். பேனல் பக்கத்துக்கு டிசி எம்சிபி என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஏசி எம்சிபி டிசியில் பிரியும்போது நெருப்புப் பொறி அணையாமல் நின்று எரியும். உங்களுடையது திறந்த வெளித் தோட்டம், அதனால் பேனல் சட்டத்துக்கு எர்த் வயரும் இடி மின்னலில் திடீரென ஏறும் வோல்ட்டைத் தரைக்கு இறக்கும் ஒரு டிசி எஸ்பிடியும் தவறாமல் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வெயில் நாளில் பதினோரு மணிக்கு ஒருமுறை கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வழியென்றால் பேட்டரி பக்கம் நீங்கள் வைத்த 20, 24 வோல்ட் வழியென்றால் பதினைந்துக்கு மேல் வர வேண்டும். பாதிதான் வருகிறதென்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்லுமுன் மாடிக்கு ஏறி, ஒவ்வொரு பேனலின் வயர் முனையில் இருக்கும் எம்சி4 கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் உள்ளே வயரை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப் தளர்ந்திருக்கிறது. பேனலைத் துணியால் மூடி, எம்சிபியை அணைத்துவிட்டு, அந்தக் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.